பூமயிலும் மிதிக்கக் கூடாத மெஷினும்

பூமயிலுக்குக் கோபம் வரும் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கோபம் அவளோடேயே குடியிருக்கிறது என்பார்கள். முதுகுளத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும், ரேஷன் கடையில் பருப்பு நாளைக்குத்தான் என்று சொல்லிப் பார்க்கட்டும். அன்றைக்குப் பொழுது சாயும்வரை அவள் வாய் ஓயாது. "பூமயிலு வாயில விழுந்தா எந்திரிக்க முடியாதுப்பா" என்று ஆம்பளைகள் ஒதுங்கிப் போவார்கள். ஒதுங்கிப் போனவர்களில் ஒரு ஆளாவது அவள் சொல்வது சரியா தப்பா என்று நின்று கேட்டிருந்தால் கொத்தங்குளம் ஜிம்மில் இத்தனை கூத்து நடந்திருக்காது.

பிறந்தது கமுதிப் பக்கம். கட்டிக்கொடுத்தது கொத்தங்குளத்து நாகநாதனுக்கு. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலங்கரி மூட்டம், இதுதான் ஊரின் பிழைப்பு. புருசனும் பெண்டாட்டியுமாகப் பெரியவீட்டு வீரபத்திரன் காட்டில் களையெடுத்தார்கள், பழம் பிடுங்கினார்கள், வத்தல் காயப்போட்டார்கள். நாகநாதன் அந்தக் காட்டிலேயே ஒரு மத்தியானம் சுருண்டு விழுந்து செத்துப்போனான். அப்போது மகள் சுகந்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பூமயில் பெரியவீட்டுக் காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மற்றவர்கள் காட்டில் கூலிக்குப் போனாள். பள்ளிக்கூடத்தையும் ஊர் ஜிம்மையும் கூட்டிப் பெருக்குகிற வேலையைப் பஞ்சாயத்தில் வாங்கிக்கொண்டாள். அதனால் ஜிம்மின் சாவி ஒன்று எப்போதும் அவள் முந்தானை முடிச்சில் கிடக்கும்.

ஜிம் என்றால் தகரக் கொட்டகைதான். இரும்புத் தட்டுகள், ஒரு பெஞ்சு, கர்லாக்கட்டை, பஞ்சு பிதுங்கிய இரண்டு மெத்தை. அதில் பேர் எழுதாத பொருள் ஒன்று கிடையாது. டியூப் லைட்டில் உபயம் இன்னார். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயம் இன்னார், சுற்றினால் அவரும் சேர்ந்து சுற்றுவார். சுவர்க் கண்ணாடியில் நெஞ்சு உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு குடும்பமே நிற்கும். பையன்கள் எக்கி எக்கித்தான் தங்கள் புஜத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கயிறு ஏறிப் பழகப் புதுக் கயிறு வேண்டுமென்று அவர்கள் வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் பேர் எழுத முடியாது. ஆகவே கயிறு வாங்கித் தர ஆள் கிடைக்கவில்லை.

சுகந்தி போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். இனி ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டெறிதல். இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும், பிறகு வாழ்நாளுக்கும் மிளகாய்க் காடுதான். எறிந்து பழக மளிகைக்கடையில் கழித்துப்போட்ட எடைக்கல்லை வாங்கிவந்தாள். தாண்டிப் பழகக் காய்ந்து கிடந்த கண்மாயில் தானே குழி வெட்டி மணல் நிரப்பினாள். ஓடுவதற்குத்தான் இடமில்லை. விடியுமுன் தார்ரோட்டில் ஓடினாள். பைக்கில் போன ஒருவன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். மறுநாளிலிருந்து பூமயில் கையில் ஒரு கம்போடு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துகொண்டாள். மகள் போய்த் திரும்பும்வரை ரோட்டில் போகிற ஒவ்வொரு பைக்காரனையும் முறைத்தாள். பால்காரர்கூடப் பயந்து சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனார்.

"ஜிம்ம பொம்பளப் புள்ளைகளுக்குக் காலையில ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. கொட்டகையச் சுத்திக் கம்பி வேலி போட்டு ஒரு லைட்டு போட்டா அங்கனயே ஓடிக்குவா" என்று ஜிம் கமிட்டித் தலைவர் மாரீஸ்வரனிடம் கேட்டாள். மாரீஸ்வரனுக்கு உரக்கடை. யாரையும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாத ஆள். "பாப்போம்க்கா" என்றான். அந்தப் பார்ப்போம் வைகாசியில் சொன்னது. ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது, அவன் பார்த்தபாடில்லை.

அந்த ஆவணியில்தான் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கண்மாய் மீன் ஏலத்தில் ஊருக்குப் பொதுப்பணம் சேர்ந்திருந்தது. இறந்துபோன பெரியவீட்டு வீரபத்திரனின் மகன் காளீஸ்வரன், மதுரையில் கட்டட காண்ட்ராக்டர், ஆள் நின்ற இடத்திலேயே ஓடுகிற டிரெட்மில் மெஷின் ஒன்று ஜிம்முக்கு வாங்க ஒரு பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார். மீதியை ஊர் போட வேண்டும். வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் பேச்சு. பேச்சு என்று பேர்தான். பக்கத்து ஊரில் வாங்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். சர்க்கரை வியாதிக்காரர்கள் நடக்கலாம் என்றார் இன்னொருவர். அடுத்து மாவட்டத்திலேயே நம்ம ஜிம்தான் பெரிசு என்று யாரோ சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள்.

மண்டபத்துக்கு வெளியே நின்ற பூமயிலால் பொறுக்க முடியவில்லை.

"ஏப்பா, நம்மூரு கரண்டுல டியூப் லைட்டே கண்ணடிச்சு கண்ணடிச்சு எரியுது. அந்த மெஷினு எப்பிடி ஓடும்? ரிப்பேருன்னா மதுரையிலேருந்து ஆளு வரணும், அவுகளுக்குப் பஸ் காசு யாரு குடுப்பா? ஒரு சமயத்துல ஒரு ஆளுதான் ஏற முடியும். அந்தப் பணத்துல வேலி போடலாம், மெத்த வாங்கலாம், பயலுகளுக்குக் கயிறு வாங்கலாம், எல்லாம் வாங்கி மிச்சமும் வருமே!"

கேட்டவர்களுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது ஆம்பளைகள் செய்வதை அவர்களும் செய்தார்கள். "அரை வரிக்காரங்க கூட்டத்துல பேசுற வழக்கம் உண்டாப்பா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

புருசன் இல்லாத வீட்டுக்கு ஊரில் அரை வரி. ஒரு காலத்தில் இரக்கப்பட்டுத்தான் வைத்திருப்பார்கள். வரியைக் குறைத்தவர்கள் அந்தச் சாக்கில் வாயையும் அடைத்துவிட்டார்கள். பூமயிலுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "அரை வரி குடுக்குறவ மக முழுசாத்தான்யா ஓடுறா! அவளுக்கு என்ன பாதிக் காலா?" என்று கத்தினாள்.

மாரீஸ்வரன் எழுந்து கையைக் கூப்பினான். "அக்கா, கோவப்படாதீக. ஒங்க மகளுக்காகத்தான் வாங்குறதே. ரோட்டுல எவனோ கைய வச்சான்ல? இனிமே அந்தப் புள்ள இங்கன பத்திரமா ஓடட்டும்."

மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்தது. மகளுக்காகச் செய்கிறோம் என்கிறவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது? வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் பூமயில் வாயை மூடிக்கொண்டாள். அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மெஷின் வந்தது. குட்டி யானை வண்டியிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து இறக்கினார்கள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது என்பதில் மட்டும் குழப்பம். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தும் சக்கரம் அகப்படவில்லை. கடைசியில் பழத்தை ரப்பர் பெல்ட்டின் மேலேயே வைத்து சுவிட்சைப் போட்டார்கள். பழம் பின்பக்கமாக உருண்டு போய்ப் பூசாரியின் காலடியில் விழுந்தது, அவர் பார்க்காமல் மிதித்தார். நசுங்கினால் சரிதான் என்று எல்லாருக்கும் திருப்தி.

காளீஸ்வரன் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். அய்யா பேர் பெரிதாகத் தெரிய வேண்டும், போட்டோவில் விழ வேண்டும். பெயிண்டர் பிரபு டப்பாவோடு வந்து நின்று, "எங்கனண்ணே எழுத?" என்று கேட்டான். ஓடுகிற பெல்ட்டைத் தவிர மெஷினில் வேறெங்கும் ஒரு சாண் இடம் கிடையாது, எல்லாம் பட்டனும் கம்பியுமாக இருந்தது. "எங்கன பெருசா எடம் இருக்கோ அங்கன எழுதுலே" என்று சொல்லிவிட்டு மாரீஸ்வரன் உரம் இறக்கப் போய்விட்டான். பிரபு நல்ல வேலைக்காரன். கறுப்பு பெல்ட்டில் மஞ்சள் எனாமலில், நிழல் கொடுத்து, அழகாக எழுதினான். அமரர் வீரபத்திரன் நினைவாக. உபயம், மகன் காளீஸ்வரன்.

பெயிண்ட் காய்ந்த மறுநாள் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். "மாமா, காலை எடுங்க! பெரியய்யா பேரு!" என்று மாரீஸ்வரன் அலறினான். அவர் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. மிதிக்கிற இடத்தில் செத்தவர் பேர். மிதித்தால் பாவம். அழித்துவிடலாமென்றால், செத்தவர் பேரை அழிப்பதைப்போல அபசகுனம் உண்டா? அதைக் காளீஸ்வரனுக்கு யார் சொல்வது? கூடிக் கூடிப் பேசி, அவர் பொங்கலுக்கு வந்து திறந்துவைக்கட்டும், பிறகு அவரையே கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அதுவரை மெஷினை ஒரு மஞ்சள் துணியால் மூடி வைத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் வெள்ளிக்கிழமை தோறும் ஊதுபத்தி கொளுத்த ஆரம்பித்தான். கூட்ட வந்த பூமயில் அந்த ஊதுபத்திச் சாம்பலையும் சேர்த்துக் கூட்டினாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிரம்பி, சுகந்தி வெட்டிய குழி தண்ணீருக்கு அடியில் போயிற்று. தார்ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அது சகதியாகி வழுக்கியது. கரிசல் மண்ணில் கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. சுகந்தி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். தேர்வு மார்கழியில். ஓடாமல் ஒவ்வொரு நாளும் வீணாகப் போனது. அவள் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் குதித்தாள். அதைப் பார்க்கப் பார்க்கப் பூமயிலுக்கு வயிறு எரிந்தது. மகளுக்காக வாங்கிய மெஷின் மஞ்சள் துணி போர்த்திக்கொண்டு ஊதுபத்தி வாசம் பிடித்துக்கொண்டிருக்கிறது!

உரக்கடைக்கே போய் நின்றாள்.

"தம்பி, எம் மகளுக்காகத்தான் வாங்குறோம்னு மண்டபத்துல வச்சுச் சொன்னீகளே. இப்ப அவ ஓடணும்."

"பொங்கல் கழியட்டும்க்கா."

"பரீட்ச பொங்கலுக்கு முந்திங்கிறேன்!"

"நான் என்னக்கா செய்ய? பெரியய்யா பேரு இருக்கே. அப்பிடியே தொறந்தாலும் பொம்பளப் புள்ளைகளுக்குத் தனி டைமு விடுறதக் கமிட்டிதான் கூடி முடிவு பண்ணணும். பாப்போம்."

அவள் திட்டவில்லை. கடையிலிருந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் பயந்தார்கள். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அவள் முந்தானை முடிச்சைத் திருகிக்கொண்டே போனாள். சாவி கையில் தட்டுப்பட்டது. விளக்குமாற்றோடு போனால் எந்த நேரமும் அந்தக் கொட்டகைக்குள் போகலாம், எவனும் கேட்க மாட்டான். ஷூ போட்டுக்கொண்டு போனால்தான் கமிட்டி கூட வேண்டும். எப்பேர்ப்பட்ட ஊரில் வந்து வாழ்க்கைப்பட்டோம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் மழை கொட்டிய காலையில், பையன்கள் வருமுன்பே, மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். துணியை உருவினாள். சுகந்தி ஷூக் கயிற்றைக் கட்டியவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"செத்துப்போனவுக பேரும்மா. எப்பிடிம்மா மிதிக்கிறது? பாஸ் ஆகாமப் போயிட்டா?"

பூமயில் அந்த மஞ்சள் எழுத்தைப் பார்த்தாள். வீரபத்திரன். வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உருவம் கண்ணுக்கு முன் வந்தது. அன்றைக்கு மிளகாய்க் காட்டில் ஆளுக்கு ஒரு வரிசையாக நிரை பிடித்துக் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாகநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு பேர் அவனைப் பைக்கில் நடுவில் வைத்து முதுகுளத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே ஓடப்போன பூமயிலைப் பார்த்து வீரபத்திரன், "ஆம்பளைக போயிருக்காகள்ல? நீ போயி என்ன பண்ணப்போற? நெரைய முடிச்சிட்டுப் போ" என்றார். சத்தம்கூடப் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவளும் முடித்தாள். குனிந்த தலை நிமிராமல் கடைசிச் செடி வரைக்கும் களையெடுத்து, கையைக் கழுவிவிட்டு, பஸ்ஸுக்கு நின்று, ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் முகத்தை மூடியிருந்தார்கள். ஊர் நினைக்கிறாற்போலப் பூமயில் பிறந்ததிலிருந்தே கோபக்காரி இல்லை. அந்த நிரை முடிந்த பிறகு வந்த கோபம் அது. அதில் பாதி வீரபத்திரன் மேல். மீதி, சொன்ன பேச்சைக் கேட்டுக் குனிந்த தன் மேலேயே.

அவள் செருப்பைக் கழற்றினாள். மரியாதைக்காக அல்ல, வழுக்காமல் இருக்க. பெல்ட்டின் மேல் ஏறி நின்று, "எதுடி சுவிட்சு?" என்றாள். சுகந்தி பயந்துகொண்டே பட்டனை அமுக்கினாள். பெல்ட் நகர்ந்தது. பூமயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைக் கட்டிப் பிடித்து, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, பிறகு நடந்தாள். பேர் அவள் காலுக்கு அடியில் வந்தது, பின்னால் போனது, திரும்ப வந்தது. வெடித்த குதிகால் ஒவ்வொரு தடவையும் அதன்மேல் அழுந்த விழுந்தது. சேலை நுனி சிக்கிக்கொள்ளுமோ என்று மகள் கத்தினாள். பூமயிலுக்குக் காது கேட்கவில்லை. மூச்சிரைத்து இறங்கியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

"பாவம்னா அது எனக்கு வரட்டும். மொத மிதிச்சது நான். நீ ஓடு."

சுகந்தி ஓடினாள். மழை பெய்த அந்தக் காலம் முழுக்க அம்மா தரையைக் கூட்ட, மகள் மெஷினில் ஓடினாள். கரண்டு போனால் நின்றாள், வந்தால் மறுபடி ஏறினாள். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் மெஷின் சத்தம் வெளியே கேட்கவில்லை. முடிந்ததும் மஞ்சள் துணியைப் பழையபடி போர்த்திவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமைக்காரன் வந்து ஊதுபத்தி கொளுத்துவான். துணிக்கு அடியில் அமரர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தார்.

மார்கழியில் ராமநாதபுரத்தில் உடல்தகுதித் தேர்வு நடந்தது. சுகந்தி குண்டு எறிந்தாள், நீளம் தாண்டினாள், ஓட்டத்தில் நேரத்துக்குள் வந்து சேர்ந்து, வேலிக்கு வெளியே நின்ற அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பூமயில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பொங்கலுக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்த காளீஸ்வரன், மிளகாய்க் காட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், அப்படியே ஜிம்மிலும் நுழைந்தார். மாரீஸ்வரன் பின்னால் ஓடிவந்தான். பூமயில் கொட்டகையில் பாதித் தரையைக் கூட்டியிருந்தாள். போட்டோ எடுக்கப் போனை நீட்டிக்கொண்டே காளீஸ்வரன் துணியை விலக்கினார். பெல்ட்டின் நடுவில் ஒன்றுமில்லை. ஓரத்தில் அமரர் என்பதில் கொஞ்சமும், கீழே உபயம் என்பதில் கொஞ்சமும் மிச்சம் இருந்தன.

"யாரு இதுல ஏறுனது?"

மாரீஸ்வரன் துணியைத் திரும்ப இழுத்து மூடப் பார்த்தான். பூமயில் நிமிர்ந்தாள்.

"மொத ஏறுனது நான். பெறகு எம் மக."

"செத்த மனுசன் பேர மிதிச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"மொதலாளி, எம் புருசன் விழுந்து கெடந்தப்ப நெரைய முடிச்சிட்டுப் போன்னு சொன்னவரு ஒங்க அய்யா. நானும் முடிச்சிட்டுத்தான் போனேன். நான் போறதுக்குள்ள மூஞ்சிய மூடிட்டாக. ஒங்க அய்யா பேரு எம் மக கால்ல தேஞ்சிருக்கு, அம்புட்டுத்தான். எம் புருசன் ஆளே ஒங்க காட்டுல தேஞ்சு போனாரு. அவரு பேர நீங்க எங்கன எழுதி வச்சிருக்கீக?"

காளீஸ்வரன் போனைப் பாக்கெட்டில் போட்டார், திரும்ப எடுத்தார். மாரீஸ்வரனிடம், "பிரபுவ வரச்சொல்லி மறுபடி எழுதச் சொல்லு. அங்க வேணாம், செவுத்துல" என்றார்.

"செவுத்துல எதுக்கு?" என்றாள் பூமயில். "அங்கனயே எழுதுங்க. சின்னப் புள்ளைக நெறைய இருக்காக, ஓடித் தேக்கட்டும்."

மாரீஸ்வரனுக்கு முகம் கறுத்தது. பெரிய மனுசன் முன்னால் தன் மானம் போய்விட்டதாக நினைத்தான். இத்தனை நாளில் முதல்முறையாக அக்கா போட மறந்தான். "பேசுனது போதும். சாவியக் குடுத்துரு. மொதல்ல தரையக் கூட்டி முடிச்சிட்டுப் போ."

பூமயில் அவனை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் பெஞ்சின் மேல் வைத்தாள். விளக்குமாற்றை நின்ற இடத்திலேயே கீழே போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் பாதித் தரை கூட்டாமல் கிடந்தது.